கும்பகோணத்தைச் சுற்றி சாப்பிடப் புதுக் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாற்றலாகிக் கும்பகோணம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, அதே மூன்று ஹோட்டல்களில்தான் மாறி மாறிச் சாப்பிடுகிறோம், மேப்பில் பார்த்தால் எல்லாக் கடைக்கும் நாலு புள்ளி சொச்சம் போட்டிருக்கிறது, சர்க்கரை நோய் உள்ள அம்மாவும் ஏழு வயதுப் பெண்ணும் கூட வருவதால் தெரியாத கடைக்குள் நுழையத் தயக்கமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு ஒரு மாதம் ஓடும். அப்புறம் மறுபடி இதே கேள்வி வரும். குடும்பத்தைச் சோதனைக்கு உள்ளாக்காமல் ஒரு புதுக் கடையை நீங்களாகவே எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்டது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மளிகை மொத்த வியாபாரத்தில் 23 வருடம் லைன் போனவன், அதாவது ஊர் ஊராகப் போய்க் கடைகளில் ஆர்டர் எடுத்தவன். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி ஒரு லைன். பாபநாசம், அய்யம்பேட்டை, தஞ்சாவூர் ஒரு லைன். குடவாசல், திருவாரூர், நாகப்பட்டினம் இன்னொன்று. வாரத்தில் ஆறு நாள், மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு. ஹோட்டல்களுக்குப் பருப்பும் எண்ணெயும் மிளகாயும் போட்டதால், முன்வாசல் வழியாகச் சாப்பிடப் போனதைவிடப் பின்வாசல் வழியாக ஆர்டர் எடுக்கப் போனதுதான் அதிகம். எந்தக் கடை முழு மல்லியும் முழு மிளகாயும் வாங்குகிறது, எந்தக் கடை பாக்கெட் சாம்பார்ப் பொடி வாங்குகிறது என்பது எனக்குத் தெரிந்த அளவு அங்கே தினமும் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வருவது. மெஸ், டிபன் கடை, புரோட்டா கடை, பிரியாணிக் கடை வகைக்கு இது பொருந்தும். ஏசி போட்ட மல்டி குசின் உணவகங்களுக்கு என் வழி அவ்வளவாக உதவாது. அங்கே நான் சரக்கும் போட்டதில்லை, அதிகம் சாப்பிட்டதும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெல்டா ஊர்களில் ஒரு கடை நல்ல கடையா என்று கேட்பதைவிட, எந்த வேளைக்கு நல்ல கடை என்று கேட்பதுதான் சரி. இங்கே பெரும்பாலான சின்னக் கடைகளுக்கு ஒரே ஒரு வேளைதான் உயிர். காலை எட்டரைக்குள் முடிந்துபோகும் இட்லிக்கடை பத்து மணிக்குப் போனால் வெறும் பெஞ்சு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பெயர்போன மெஸ்ஸில் ராத்திரி போடும் தோசை சுமாராக இருக்கும், ஏனென்றால் சமையலைப் பார்க்கிற சரக்கு மாஸ்டர் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு பஜ்ஜியும் சுழியமும் போடுகிற தள்ளுவண்டி ஆறரைக்குக் கிளம்பிவிடும். நீங்கள் ஒன்றரை வருடமாக மூன்று கடைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம், அந்த மூன்றும் காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை திறந்திருப்பவை என்பதாகத்தான் இருக்கும். எப்போதும் திறந்திருக்கிற கடைதான் கண்ணில் படும். மற்றவை அந்தந்த வேளைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும். அதனால் ஊரை இடம் இடமாகப் பிரித்துத் தேடாமல், வேளை வேளையாகப் பிரித்துத் தேடுங்கள். இந்த மாதம் காலை டிபன் மட்டும், அடுத்த மாதம் மத்தியானம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கும்பகோணம் உங்களுக்கு வேறு ஊராகத் தெரியும்.

வலங்கைமானைத் தாண்டி நீடாமங்கலம் போகும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அக்கா இட்லி போடுவார். போர்டு கிடையாது. மழைக்காலத்தில் ஒரு நாள் ஆறே காலுக்கு, டீக்கடை திறக்காததால்தான் அங்கே நின்றேன். விறகடுப்பில் குண்டான், உள்ளே துணி போட்ட தட்டுகள். வெந்த தட்டை எடுத்துத் துணியோடு கவிழ்த்து, மேலே கையால் தண்ணீரைத் தெளித்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரிப்பார். இட்லியின் முதுகில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். டிபன் இலையில் நாலு இட்லி, பக்கத்தில் ஒரு கரண்டி கடப்பா. ஆவியில் இலை லேசாகக் கறுத்து ஒரு வாசனை வரும், அதை நுகர்ந்தபடியே சாப்பிட ஆரம்பித்துவிடுவோம். எட்டே முக்காலுக்குக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் போனால் அது வெறும் திண்ணை, வெயிலில் பருப்பு காய்ந்துகொண்டிருக்கும். அந்த ரோட்டில் நான் மூன்று வருடம் ஒன்பது மணிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். கடை அங்கேயேதான் இருந்திருக்கிறது.

கடப்பா பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன், நீங்கள் வெளியூரிலிருந்து வந்தவர். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி வட்டாரத்தில் இட்லி, தோசைக்குத் தருகிற தொடுகறி இது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிவார்கள். ஒரு புதுக் கடையை எடைபோட இதைவிட நல்ல பண்டம் எனக்குத் தெரியாது. கசகசா கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிற சாமான். விலை ஏறும்போது கசகசாவைக் குறைத்துப் பொட்டுக்கடலையை ஏற்றுவது வழக்கம், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் தேங்காயையும் குறைத்து, பருப்பையும் குறைத்து, மைதா கரைத்து ஊற்றினால் நாக்கில் பசை மாதிரி ஒட்டும், ஆறினால் மேலே ஏடு கட்டும். கடப்பாவில் கை வைக்காத கடைக்காரர் மற்றதிலும் அநேகமாகக் கை வைக்க மாட்டார். நான் போட்ட சரக்கை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியும். எல்லாக் கடையிலும் தினமும் போட மாட்டார்கள், சில இடங்களில் ராத்திரிக்கு மட்டும், சில இடங்களில் வாரத்தில் ஒன்றிரண்டு நாள். என்றைக்கு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. "இங்க நல்ல ஹோட்டல் எதுங்க?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஊரிலேயே பெரிய ஹோட்டலைத்தான் காட்டுவார்கள். வெளியூர்க்காரருக்கு மரியாதையான இடத்தைக் காட்ட வேண்டும் என்று நினைப்பார்கள், அது நல்ல மனசுதான். கேள்வியை மாற்றுங்கள். "காலையில நீங்க எங்கண்ணே சாப்டீங்க?" என்று கேளுங்கள். யோசிக்காமல் உண்மை வந்துவிடும். யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். தினமும் வெளியில் சாப்பிட வேண்டிய கட்டாயம் உள்ளவர், சொந்தக் காசில் சாப்பிடுகிறவர், உடம்பால் உழைக்கிறவர், இந்த மூன்றும் சேர்ந்தவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை இறக்குகிறவர்கள், அறுவடை சமயத்தில் மிஷினோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிற டிரைவர்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவர்கள் எல்லாம் அந்த வகை. இன்னொருவர் இலைக்கடைக்காரர். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழை இருப்பதால் இங்கே இலைக்குப் பஞ்சமில்லை. எந்த மெஸ்ஸுக்குத் தினமும் எத்தனை இலைக்கட்டு போகிறது, எந்த மெஸ்ஸில் போன மாதத்தைவிட இந்த மாதம் கூட வாங்குகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். கூட்டம் ஏறுகிற கடை எது, இறங்குகிற கடை எது என்று ஊரில் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மேப்பை ஒதுக்கச் சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. திறந்த புதிதில் வருகிற முப்பது நாற்பது மதிப்புரைகளில் சொந்தக்காரர்களும் நண்பர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். மதிப்புரைகளைப் புதியது முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு, கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். குறை சொன்னவர்களை முதலில் படியுங்கள். சப்ளையர் கவனிக்கவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்பதெல்லாம் நமக்குப் பொருட்டில்லை. புளித்த வாடை, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நேற்றைய குழம்பு என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் சாப்பிட வந்தவர்கள் எடுத்த போட்டோக்கள். வேறு வேறு மாதத்து இலைச் சாப்பாட்டுப் படங்களை நாலைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படத்தில் அவரைக்காய், ஒன்றில் பூசணிக் கூட்டு, ஒன்றில் கீரை என்று மாறினால் அந்தச் சமையற்காரர் மார்க்கெட்டுக்குப் போகிறார். எந்த மாதமும் முட்டைக்கோஸும் பீட்ரூட்டும்தான் என்றால் வேறு கடை பார்க்கலாம். தேடும்போதும் "ரெஸ்டாரன்ட்" என்று தேடாமல் "மெஸ்", "இட்லி கடை", "டிபன் சென்டர்" என்று தமிழில் தட்டிப் பாருங்கள், வேறு பெயர்கள் வரும். யூடியூபில் ஒரு கடை வந்துவிட்டால் உடனே ஓடாதீர்கள். நாற்பது சாப்பாடு போட்ட கை திடீரென்று இருநூறு போடும்போது ருசி நிலைகுலையும். மூன்று மாதம் கழித்துப் போங்கள், கூட்டம் வடிந்து கை பழைய நிலைக்கு வந்திருக்கும்.

இங்கே சாப்பாட்டுக்கு ஒரு காலண்டரும் உண்டு, அதைப் பார்க்காமல் கடையைக் குறை சொல்லக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது நாட்டுப்படகில் கரையோரம் பிடிக்கிற மீன்தான் புதுசு, மற்றதெல்லாம் ஐஸில் இருந்ததோ கேரளாவிலிருந்து வந்ததோ. மீன் சாப்பாட்டுக் கடையை அந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் போய் முடிவு செய்யாதீர்கள். புரட்டாசியில் அசைவக் கடைகளில் வியாபாரம் பாதியாகும், பாதியானால் சரக்கு தங்கும், அதனால் கூட்டம் குறையாத கடைக்கு மட்டும் போவது நல்லது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வரும். பழைய அரிசி மாதிரி உதிரியாக வராது, குழையும். நல்ல மெஸ்ஸில்கூட அந்தச் சமயம் சோறு கொஞ்சம் பிசுபிசுக்கலாம். திருவிழா நாட்களில் தெரியாத கடையில் சாப்பிடவே வேண்டாம். ஒரு பெரிய உற்சவத்தன்று, பெயருள்ள ஒரு கடையில் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டேன். இரண்டு நாள் படுத்துவிட்டேன். அந்தக் கடையில் அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்ட எதுவும் கெடுதல் செய்ததில்லை. சனிக்கிழமை திருநள்ளாறு வழியிலும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி வழியிலும் இதே எச்சரிக்கைதான்.

அம்மாவையும் குழந்தையையும் பற்றிக் கவலைப்பட்டீர்களே, அதற்கு வருகிறேன். கடை முகப்பு பளபளவென்று இருப்பதற்கும் சமையற்கட்டுக்கும் சம்பந்தமில்லை, இதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. ஒன்று, எண்ணெய். வடைச்சட்டியில் போட்டதும் எழும் குமிழ் சீக்கிரம் அடங்கினால் எண்ணெய் நன்றாக இருக்கிறது. நுரை நுரையாகப் பொங்கி அடங்காமல் நின்றால், சட்டி சும்மா இருக்கும்போதே புகைந்தால், எண்ணெய் பலமுறை காய்ந்தது. சட்டப்படி, திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெயில் சேர்கிற மொத்த துருவச் சேர்மங்கள் என்ற கழிவுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. அதை அளக்க அதிகாரிகளிடம் கருவி இருக்கிறது, நமக்குக் கண்ணும் மூக்கும் போதும். இரண்டாவது, சூடு. குழம்பும் சோறும் 60 டிகிரிக்கு மேலேயோ, குளிரில் 5 டிகிரிக்குக் கீழேயோ இருக்க வேண்டும், நடுவில் கிடந்தால் கிருமி பெருகும். சோற்றில் வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, அரிசி வெந்த பிறகும் சாகாது. மூன்று மணிக்கு ஆறிப்போன சோற்றை வெந்நீர் தெளித்துப் போடுகிற கடையில் குழந்தைக்கு எதுவும் வாங்காதீர்கள். அந்தக் கிருமி விட்டுவைக்கிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மூன்றாவது, சூரை, காணாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் உண்டாகும், வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிக்கும். குழந்தைக்குப் புதுக் கடையில் மீன் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கல்லாவுக்குப் பின்னால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கடை கணக்கில் இருக்கிறது என்று பொருள், சுத்தத்துக்கு அது மட்டும் போதாது.

நான் வீட்டுக்காரர்களை ஒரு புதுக் கடைக்கு அழைத்துப் போவதற்கு முன் செய்வது இதுதான். முதல்முறை தனியாக, அதிகப் பசி இல்லாத நேரத்தில் போய் ஒரு காபியும் ஒரு வடையும் மட்டும். பசியோடு போனால் எல்லாம் ருசிக்கும், எடைபோட முடியாது. காபி டபராவின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவுகிற தண்ணீரை மாற்றுவதில்லை. கை கழுவப் போகிற சாக்கில் பின்பக்கம் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது முறை பார்சல். வீட்டுக்கு வந்து அரைமணி கழித்துப் பிரித்துப் பாருங்கள். கடையின் சூடும் வாசனையும் அடங்கிய பிறகும் சாம்பாரில் பருப்பு வாசனை வந்தால் அது நல்ல சாம்பார். சோடா உப்பு போட்ட இட்லி அதற்குள் விறைத்து மஞ்சள் தட்டும். மூன்றாவது முறை குடும்பத்தோடு, அதுவும் அந்தக் கடையின் வேளையில், முதல் பந்தியில். பன்னிரண்டரைக்கு உட்காருகிற இலையும் இரண்டரைக்கு உட்காருகிற இலையும் ஒரே கடையுடையது என்று சொல்ல முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ராத்திரியில் அடை போடுகிற கடைகளைத் தேடிவையுங்கள், பருப்பு கூடச் சேர்வதால் இட்லி, தோசையைவிட அது தேவலை. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு நிச்சயமில்லாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கூட்டம் இருந்தால் நல்ல கடை என்று பத்து வருடம் நம்பினேன். இப்போது அரைகுறையாகத்தான் நம்புகிறேன். பஸ் நிலையத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் இருக்கிற கூட்டம் இடத்துக்காக வருகிற கூட்டம். வந்த முகமே திரும்ப வருகிறதா என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். சப்ளையர் கேட்காமலேயே ஒருவருக்கு இரண்டாவது தோசை வைத்தால் அவர் வாடிக்கை. பழைய கடை என்பதும் உத்தரவாதம் இல்லை, மாஸ்டர் மாறினால் கடை மாறிவிடும். டிகிரி காபி என்று போர்டு வைத்த கடைகள் பைபாஸ் முழுக்க இருக்கின்றன. பாலைக் கருவி வைத்து டிகிரி பார்த்து வாங்கியதால் அந்தப் பெயர் என்று ஒரு கதை, முதல் டிகாக்‌ஷன் என்பதால் அந்தப் பெயர் என்று இன்னொரு கதை, இரண்டில் எதற்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். பித்தளை டபராவில் தருவதால் மட்டும் அது டிகிரி காபி ஆகிவிடாது என்பது உறுதி. தண்ணீர் கலக்காத பசும்பாலும் அப்போது இறக்கிய டிகாக்‌ஷனும் வேண்டும். காபித்தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. சிக்கரி ஏற ஏற நிறம் கறுத்து, மணம் குறைந்து, கசப்பு மட்டும் நாக்கில் தங்கும். இதைக் குடித்தே கண்டுபிடித்துவிடலாம்.

எந்தத் திசையில் ஆரம்பிப்பது என்பதற்கு மட்டும் கொஞ்சம் வழி காட்டுகிறேன். மேற்கே பாபநாசம் தாண்டி ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை. வெற்றிலைக் கொடிக்கால் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கே வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் பிரியாணிக்குப் போங்கள். கல்யாணங்களுக்குச் சமைக்கிற பண்டாரி வீட்டு வாசலில் போடுகிற பிரியாணி எது என்று விசாரியுங்கள், கடை பிரியாணியைவிட அது ஒரு படி மேல். அப்படியே திருவையாறு போனால் அசோகா. பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அல்வா அது, ஆண்டவர் கடையில் சூடாக வாங்கி நின்றபடியே சாப்பிடுங்கள். வடக்கே அணைக்கரைக்குப் போனால் கொள்ளிடத்துக் கீழணைப் பக்கம் ஆற்று மீன் வறுக்கிற கடைகள் இருக்கும். கெண்டையோ விராலோ, எதிரிலேயே கழுவி வறுக்கிற கடையில் வாங்குங்கள், கடை பழகிய பிறகு குழந்தைக்குக் கொடுப்பதானால் முள் எடுக்கப் பொறுமை வேண்டும். கிழக்கே நாகூர் கொஞ்சம் தூரம், ஒரு நாள் ஒதுக்க வேண்டும். தர்காவுக்குப் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் இறால் வைத்த வாடா என்ற எண்ணெய்ப் பலகாரம் போடுவார்கள். ஐந்து மணிக்கு முதல் சட்டி இறங்கும்போது போய் நில்லுங்கள். நான் போன நாட்களில் ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.